கையெழுத்துச் செல்வம்

ஹைதராபாத்தில் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களுக்கு ஊரிலிருந்து விருந்தினர் வந்தால், சார்மினாருக்கு அடுத்தபடியாக அவர்களை நாம் அழைத்துச் செல்லும் இடம் மூசி நதியின் தென்கரையிலுள்ள சாலார் ஜங் பொருட்காட்சிசாலை. மணிதோறும் ஒரு சிறு பொம்மை வெளிவந்து மணியடிக்கும் கடிகாரத்தின் முன் கூட்டத்தோடு கூட்டமாய் நிற்போம். இத்தாலியச் சிற்பி பென்சோனி வடித்த, முகத்திரை அணிந்த ரெபெக்காவைக் கண்டு, கல்லில் துணியை நெய்த கை எத்தகையதோ என்று வியப்போம். பிறகு களைத்த கால்களோடு வீடு திரும்புவோம். அக்காட்சிசாலையின் சுவடித் தொகுதியில் பாதுகாக்கப்படும் ஒரு நூலைப் பற்றி நம்முள் அறிந்தவர் சிலரே. இம்மாதம் அந்நூலிலிருந்து தொடங்குவோம்.

அது ஒரு திருக்குர்ஆன் பிரதி. அதனை எழுதியவர் யாகூத் அல் முஸ்தஃசிமி. பாக்தாதில் கடைசி அப்பாஸிய கலீபாவின் அவையில் வாழ்ந்து, 1298இல் மறைந்த எழுத்தழகுக் கலைஞர். அப்பிரதியில் மொகலாயப் பேரரசர் மூவரின் கையொப்பங்கள் காணப்படுகின்றன. ஜஹாங்கீர், அவர் மகன் ஷாஜஹான், அவர் மகன் ஒளரங்கசீப் ஆகியோரே அம்மூவர். இம்மூவரின் வரலாற்றை நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். ஷாஜஹான் இளவரசராயிருந்தபோது 1622இல் தந்தைக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார். ஒளரங்கசீப் 1658இல் தம் தந்தையை ஆக்ராக் கோட்டையில் சிறைவைத்தார். அதே ஒளரங்கசீப்தான் 1687இல் நம் கோல்கொண்டாவையும் வென்றவர். அரியணைக்காக ஒருவரோடொருவர் பொருதிய மூன்று தலைமுறையினர் ஒரு நூலுக்குள் மட்டும் சச்சரவின்றி அடுத்தடுத்து அமர்ந்திருக்கின்றனர்.

மன்னர்கள் நூல்களில் ஏன் கையெழுத்திட்டனர் என்று கேட்கலாம். மொகலாயர் அரண்மனையில் நூலகம் ஒரு பெருஞ்செல்வமாகக் கருதப்பட்டது. நூல்கள் கணக்கெடுக்கப்பட்டன; அவற்றுக்கு விலை மதிப்பிடப்பட்டது; நூலகக் காப்பாளர் முத்திரைகள் பொறிக்கப்பட்டன. ஜஹாங்கீரும் ஷாஜஹானும் தம் நூலகத்துச் சிறந்த சுவடிகள் பலவற்றின் முதல் ஏட்டில், அந்நூல் இன்ன நாளில் நம் நூலகத்துக்கு வந்தது என்ற பொருள்படத் தம் கைப்படவே குறிப்பெழுதும் பழக்கமுடையவர்கள். வெறும் பெயரை மட்டும் கிறுக்கிவிட்டுப் போனவர்களல்லர். பெயரோடு நாளையும் நூல் வந்த வரலாற்றையும் சேர்த்து எழுதினார்கள். அதனால்தான் இன்று அறிஞர்கள் ஒரு சுவடி யார் யார் கைக்கு மாறியது என்பதைப் படிப்படியாக அறிந்துகொள்ள முடிகிறது. இதனை அன்பர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். இக்கட்டுரையின் முடிவில் நமக்கு இது பயன்படும்.

இப்பொருள்களையெல்லாம் சேர்த்த குடும்பத்தைப் பற்றியும் ஒரு சொல். மூன்றாம் சாலார் ஜங் எனப்படும் மீர் யூசுப் அலி கான் 1889இல் பிறந்தவர். 1912 முதல் 1914 வரை நிஜாமின் திவானாகப் பணியாற்றிய பின், வாழ்நாள் முழுவதையும் செல்வம் முழுவதையும் பொருள் சேர்ப்பதிலேயே செலவிட்டவர். மணம் புரியாதவர். 1949இல் அவர் மறைந்தபோது நேர் வாரிசு இல்லை. அத்தொகுதி 1951 டிசம்பரில், பிரதமர் நேரு திறந்துவைக்க, மக்கள் காணும் காட்சிசாலையாயிற்று. 1968இல் இப்போதுள்ள கட்டடத்துக்கு வந்தது. வாரிசில்லாதவரின் உடைமைக்கு நாடே வாரிசாயிற்று. பிள்ளைகளும் பேரன்மாரும் உள்ள நம் இல்லங்களில் அரிய பொருள்களின் கதி என்ன ஆகிறது என்பதே இம்மாதம் நாம் எண்ணிப் பார்க்க விரும்புவது.

புகழ் பெற்றவர் கையெழுத்தைப் பெறவேண்டுமென்ற ஆவல் நம் நாட்டில் எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்பதற்குக் காந்தியடிகளே சான்று. தம்மிடம் ஆட்டோகிராப் கேட்டு வந்தவர்களிடம் அவர் ஹரிஜன நிதிக்காக 5 ரூபாய் வசூலித்தார். அக்காலத்தில் 5 ரூபாய் என்பது சிறு தொகையன்று; எளிய குடும்பமொன்றின் பல நாள் உணவுச் செலவு. ஆயினும் மக்கள் தயங்காது கொடுத்தனர். கையெழுத்தும் கிடைத்தது, அறமும் நடந்தது.

அவரைப் பற்றிய இன்னொரு செய்தி கிரிக்கெட் அன்பர்களுக்கு உவப்பளிக்கும். 1933-34இல் ஜார்டின் தலைமையில் எம்.சி.சி. குழு இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தது. சென்னைச் சேப்பாக்கத்திலும் அப்போது ஒரு டெஸ்ட் பந்தயம் நடைபெற்றது. புகழ் பெற்ற ஆட்டக்காரரான விஜய் மர்ச்செண்டின் சகோதரி, தம் ஆட்டோகிராப் புத்தகத்தைக் காந்தியடிகளிடம் நீட்டினார். அவர் ஏடுகளைப் புரட்டினார். எம்.சி.சி. ஆட்டக்காரர்கள் 16 பேரின் கையொப்பங்கள் வரிசையாக இருந்த பக்கம் வந்தது. அதன் கீழே 17 என்று எண்ணிட்டுத் தம் பெயரை எழுதிவிட்டார்! ஆளும் நாட்டின் ஆட்டக்காரர் பட்டியலில், அந்த ஆட்சியை எதிர்த்து நின்றவர் பதினேழாவது ஆளாகச் சேர்ந்துகொண்டார். அந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் காந்தியின் பெயரை மட்டும் தனியே எடுத்தால் அது ஒரு கையொப்பம், அவ்வளவே. பக்கம் முழுதாக இருக்கும்வரைதான் அந்த நகைச்சுவை உயிரோடிருக்கும்.

காந்தியடிகள் தமிழிலும் கையொப்பமிட்டவர் என்பதை நாம் மறக்கலாகாது. 'மோ. க. காந்தி' என்று தமிழ் எழுத்தில் அவர் எழுதியதன் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் அவரோடு தோளோடு தோள் நின்றவர்களில் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழர் பலர். அவர்களோடு அவர்கள் மொழியில் பேசவேண்டுமென்று விரும்பினார். கப்பற் பயணத்தின்போது தமிழ்ப் பாடப் புத்தகத்தைக் கையிலெடுத்தார். பின்னர் தென்னாப்பிரிக்கச் சிறைகளிலும் அப்படிப்பைத் தொடர்ந்தார் என்று தம் சுயசரிதையில் கூறுகிறார். பிழைப்புக்காகக் கடல் கடந்த தமிழரின் பொருட்டு, குஜராத்திலே பிறந்த ஒருவர் கற்ற எழுத்து அது. ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு அவ்வெழுத்தின் அருமையை விளக்கவும் வேண்டுமோ?

கையெழுத்துக்குப் பின்னால் கதை இருக்கவேண்டும் என்பதற்கு வங்காளத்திலிருந்தும் ஒரு சான்று உண்டு. திரைப்பட மேதை சத்யஜித் ரே சிறுவனாயிருந்தபோது, தாயாருடன் சாந்திநிகேதனம் சென்று ரவீந்திரநாத தாகூரிடம் ஆட்டோகிராப் நோட்டைக் கொடுத்தார். தாகூர் உடனே கையெழுத்திடவில்லை. நோட்டைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, மறுநாள் அதில் ஒரு சிறு கவிதை எழுதித் திருப்பித் தந்தார். தொலை தேசங்களுக்குச் சென்று மலையையும் கடலையும் கண்டவன், தன் வீட்டு வாயிலில் நெற்கதிரின் மேல் நின்ற பனித்துளியைக் காணத் தவறினான் என்பது அக்கவிதையின் கருத்து. பையன் பெரியவனானால் இதன் பொருளை அறிவான் என்று தாயாரிடம் சொல்லியும் வைத்தார். அருகிலிருப்பதைக் கூர்ந்து நோக்கும் கலையினால் உலகப் புகழ் பெற்ற ரே, அப்பொருளை நன்கறிந்தார் என்பதில் ஐயமில்லை.

இனி நம் வீடுகளுக்கு வருவோம். 'உங்களிடமுள்ள கையொப்பப் பொருள்களில் எதனை முதலில் எடுத்துக் காட்டுவீர்கள்?' என்று சங்க அன்பர்கள் சிலரை வினவினோம். ஓர் அன்பர் கிரிக்கெட் மட்டையொன்றைக் கொணர்ந்தார். ஒரு குழுவினர் அனைவரும் கையொப்பமிட்டது. ஜன்னலுக்கு எதிரே பல்லாண்டுகள் மாட்டி வைத்திருந்ததால், வெயில் பட்டுப் பெயர்கள் பெரும்பாலும் வெளிறிவிட்டன. மூன்று பெயர்களை மட்டுமே இப்போது வாசிக்கலாம். ஓர் அம்மையார் காட்டியது, பள்ளி இறுதி வகுப்பில் தோழியர் எழுதித் தந்த பிரிவுரை நோட்டு. ரோஜா நிறத் தாளிலும் பச்சைத் தாளிலுமாக, 'மறவாதே' என்ற சொல் அதில் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. அவர்களில் ஒருவரும் புகழ் பெற்றவரல்லர். ஆயினும் அந்த அம்மையாருக்கு அதுவே முதற் செல்வம். 'இவர்கள் யார், எங்கே போனார்கள் என்று எனக்குப் பின் சொல்ல ஆளில்லையே' என்பதே அவர் கவலை. மூன்றாவது அன்பர், தமிழ் எழுத்தாளர் ஒருவர் பெயரெழுதி அன்புடன் கொடுத்த நாவலைக் காட்டினார். 'என் பேரனுக்கு இதை யார் எழுதியது என்று படிக்கத் தெரியாது' என்று சொல்லிப் புத்தகத்தை மூடினார்.

அம்மூன்றாவது அன்பரின் சொல் நம்மை வெகுநேரம் சிந்திக்க வைத்தது. ஆபிட்ஸ் கடைவீதியில் ஞாயிறுதோறும் நடைபாதையில் பழைய புத்தகக் கடைகள் விரிக்கப்படுவதை அன்பர்கள் அறிவர். ஆங்கிலமும் தெலுங்கும் உருதும் ஹிந்தியுமாய்க் குவிந்து கிடக்கும் அங்கே எப்போதேனும் ஒரு தமிழ்ப் புத்தகமும் தலைகாட்டும். முதற்பக்கத்தில் 'அன்புள்ள' என்று தொடங்கும் ஒரு வரியும், கீழே ஒரு கையொப்பமும் இருக்கும். பெரியவர் மறைந்ததும் வீட்டைக் காலி செய்து கொடுத்தபோது, எடைக்குப் போட்ட காகிதங்களோடு அதுவும் வெளியேறியிருக்கும். விற்றவர்கள் கெட்டவர்களல்லர். அவர்களுக்கு அது என்னவென்று தெரியாது. சொல்லி வைத்தவரும் இல்லை.

இதை ஒரு புத்தகத்தின் மூலமே விளக்கலாம். எழுத்தாளர் அசோகமித்திரன் 1931இல் சிகந்தராபாத்தில் பிறந்தவர். அவர் தந்தையார் நிஜாம் ரயில்வேயில் பணி புரிந்தார். தந்தை மறைந்தபின், தம் இருபத்தோராம் வயதில் குடும்பத்தோடு சென்னை சென்றார். 1948ஆம் ஆண்டுக் கொந்தளிப்பின் நடுவே சிகந்தராபாத்தில் வாழ்ந்த ஒரு தமிழ் இளைஞனின் கதையாகிய 'பதினெட்டாவது அட்சக்கோடு' என்னும் அவரது நாவல் 1977இல் வெளிவந்தது. அவர் 2017இல் மறைந்தார். இனி அவர் கையொப்பமிட்ட புதிய பிரதி ஒன்றும் உண்டாகப் போவதில்லை. அத்தகைய பிரதி ஒன்று சென்னையில் ஒரு வீட்டில் இருந்தால் அது இலக்கியச் செல்வம். இங்கே நம் மாரெட்பள்ளியிலோ பத்மாராவ் நகரிலோ ஒரு வீட்டில் இருந்தால், அது நம் ஊரின் வரலாற்றுச் சான்றுமாகும். நாம் நடக்கும் தெருக்களில் நடந்தவர், நம்மைப் போன்ற ஒரு குடும்பத்தில் வளர்ந்தவர், நம் கதையை எழுதி, அதன்மேல் தம் பெயரையும் எழுதியிருக்கிறார். அதைப் படிக்கத் தெரியாத தலைமுறைக்கு அது எடைக்குப் போடும் காகிதமே.

காகிதத்தின் மதிப்பை அறிந்த தனி மனிதர் ஒருவர் என்ன செய்ய முடியும் என்பதற்குச் செட்டிநாட்டுக் கோட்டையூர் ரோஜா முத்தையாவைக் காட்டலாம். விளம்பரப் பலகைகள் எழுதும் ஓவியராயிருந்தவர் அவர். பெருஞ்செல்வர் அல்லர். நூல்களோடு நில்லாமல், பழைய பத்திரிகைகள், கடிதங்கள், நாடக நோட்டீசுகள், திருமண அழைப்பிதழ்கள் என்று மற்றவர் எறிந்ததையெல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுதியை வாங்கி, அதைத் தமிழ்நாட்டிலேயே வைத்துப் பேண வழி செய்தது. சென்னையில் 1994 முதல் இயங்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு அதுவே அடித்தளம். சாலார் ஜங்கிடம் செல்வம் இருந்தது. முத்தையாவிடம் அது இல்லை. இருவரிடமும் பொதுவாக இருந்தது, இது இன்னதென்று அறிந்து காக்கும் கருத்து ஒன்றே.

சேர்ப்போர் ஏமாறாமலிருக்கவும் வேண்டும். படத்தோடு அச்சிட்ட கையொப்பத்தை உண்மையென நம்புவோர் உண்டு. உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினால் அச்சுப் புள்ளிகள் தெரியும். பேனா எழுத்தில் அழுத்தமும் தளர்ச்சியும் மாறி மாறி வரும். கையெழுத்தைப் போலச் செய்யும் இயந்திரங்களும் உள்ளன. அமெரிக்க ஜனாதிபதிகள் சிலர் அவற்றைப் பயன்படுத்தியதுண்டு. 2022இல் பாடகர் பாப் டிலானின் நூலை, அவரே கைப்படக் கையொப்பமிட்டது என்று கூறி ஒரு பிரதி 599 டாலருக்கு விற்றனர். வாங்கியவர்கள் தங்கள் பிரதிகளை ஒப்பிட்டபோது கையொப்பங்கள் இயந்திரத்தால் இடப்பட்டவை எனத் தெரிந்தது. பணம் திருப்பித் தரப்பட்டது. பாடகரும் வருத்தம் தெரிவித்தார். இதில் நமக்கொரு பாடமுண்டு. விலை கொடுத்து வாங்கிய கையொப்பத்துக்கு எப்போதும் சான்று தேட வேண்டியிருக்கும். நேரில் நின்று பெற்ற கையொப்பத்துக்குப் பெற்றவரே சான்று. அச்சான்று எழுத்தில் இருக்கவேண்டும் என்பதே முக்கியம்.

பாதுகாக்கும் முறைகளைச் சுருக்கமாகக் கூறுவோம். கையொப்பமுள்ள தாளை லாமினேஷன் செய்யவே கூடாது. சூடும் பசையும் தாளைக் கெடுக்கும். பின்னர் பிரிக்கவும் இயலாது. ஒட்டும் டேப்பும், பசை தடவிய ஆல்பமும் அவ்வாறே. கடிதத்திலிருந்து கையொப்பத்தை மட்டும் வெட்டியெடுப்பது பெருந்தவறு. நேர் வெயிலும் எப்போதும் எரியும் விளக்கொளியும் மையை வெளிறச் செய்யும். படத்தைச் சுவரில் மாட்டவேண்டுமாயின் நகலை மாட்டி, மூலத்தை அமிலமற்ற தாளுறையில் இட்டு அலமாரியில் வையுங்கள். மழை மாதங்களில் ஈரம் புகாமல் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உடன் வையுங்கள். நிறம் மாறியதும் அதை மாற்றுங்கள். கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக் குடும்பத்தார் அனைவருக்கும் அனுப்பி வைப்பதும் நன்று.

அயல்நாடு செல்லும் பிள்ளைகளைப் பெற்றோருக்கு மேலும் ஒரு செய்தி. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வச் சட்டப்படி, வரலாற்று மதிப்போ இலக்கிய மதிப்போ உடைய கையெழுத்துப் படிகளும் ஆவணங்களும் 75 ஆண்டு நிறைந்தால் தொல்பொருள்களாகும். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லச் சட்டம் இடந்தராது. தாத்தாவின் பெட்டியிலிருந்த பழைய கடிதத்தை நினைவுப் பொருளாய்ப் பெட்டியில் வைத்து அனுப்புமுன் இதை எண்ணிப் பாருங்கள்.

இக்காலத்தில் ஆட்டோகிராப் நோட்டைக் காண்பது அரிதாகிவிட்டது. புகழ் பெற்றவரைக் கண்டால் இளைஞர் கைப்பேசியை நீட்டிச் செல்பி எடுத்துக்கொள்கின்றனர். அதை நாம் குறை கூறோம். நம்மிடையே வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பெண்ணான மிதாலி ராஜோடு நின்று எடுத்த படம் ஒரு சிறுமிக்குக் கையொப்பத்தைவிட இனியதாயிருக்கலாம். ஆயினும் படத்தில் நாமும் அவரும் நிற்கிறோம். கையொப்பத்தில் அவர் நமக்காக ஒரு கணம் குனிந்து எழுதுகிறார். அந்த ஒரு கணத்தின் அடையாளம் தாளில் நிற்கிறது.

ஆகையால் அன்பர்களுக்கு நாம் கூற விரும்புவது ஒன்றே. உங்கள் வீட்டிலுள்ள கையொப்பப் பொருளை இந்த வாரமே வெளியே எடுங்கள். தனித் தாள் ஒன்றில் மொகலாய மன்னர் செய்ததைச் செய்யுங்கள்: இது யாருடையது, எந்நாளில், எவ்விடத்தில், யார் கையால் நம் வீட்டுக்கு வந்தது, அன்று என்ன பேசினார்கள் என்று எழுதுங்கள். தமிழில் எழுதுங்கள், பேரப்பிள்ளைகளுக்குத் தெரிந்த மொழியிலும் ஒருமுறை எழுதுங்கள். கீழே நாளிட்டு உங்கள் பெயரையும் எழுதுங்கள். தாளைப் பொருளோடு சேர்த்து வையுங்கள். பள்ளித் தோழியரின் நோட்டாயினும் சரி, எழுத்தாளர் தந்த நாவலாயினும் சரி, அந்தத் தாள் இருக்கும்வரை அது ஆபிட்ஸ் நடைபாதைக்குப் போகாது.

எழுதி முடித்ததும் வீட்டுப் பிள்ளைகளை அருகழைத்து, அதே தாளில் அவர்களையும் தமிழில் கையொப்பமிடச் சொல்லுங்கள். தெரியாவிடில் அன்றைக்கே கற்றுக்கொடுங்கள். ஐந்தாறு எழுத்துக்கள்தாம், ஒரு மாலைப்பொழுது போதும். குஜராத்தி ஒருவர் சிறையிலிருந்து கற்ற எழுத்தை, நம் பிள்ளைகள் கூடத்தில் அமர்ந்து கற்கக் கூடாதா?